சாயம் கொஞ்சம் அதிகம்

மருமகள் மறந்து வைத்துவிட்டுப் போன போனைக் கொடுக்க, மாமியார் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். இருட்டறையில் மருமகள் அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இது உயிரோட இருக்கற இதய செல், அத்தை. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே கால்சியம் ஏறி இறங்கும். நாங்க போடற சாயம் அதுக்கேத்த மாதிரி பச்சையா மின்னி அணையணும். மூணு வாரமா சும்மா ஒரே மாதிரி எரியுது. நாளைக்குக் காட்டலேன்னா என் ஆராய்ச்சி அம்போதான்."

மாமியார் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். அவள் விரல்கள் தேடித் தடவாமலே அதன் குமிழைப் பிடித்துத் திருப்பின.

"சாயத்தைக் கால்வாசியாக் குறைச்சுப் பாரு. அதிகமானா கால்சியத்தை அதுவே பிடிச்சு வச்சுக்கும்."

வேறு வழி தெரியாமல் மருமகள் அப்படியே செய்தாள். ஒரு மணி நேரத்தில் செல்கள் பச்சையாக மின்னி மின்னி அணைந்தன. மாமியார் கண்ணை எடுக்கவே இல்லை.

"அத்தை, உங்களுக்கு எப்படி...?"

"உன் புருஷன் பிறக்கறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் இந்த அறையிலதான் வேலை பார்த்தேன். அவனுக்கே தெரியாது" என்றாள் மாமியார். "நாலு மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."