இரண்டு டிஸ்க்குகள்

புது ஹார்டு டிஸ்க்கில், கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ். மூன்றாம் முறையும் ஏறாமல் நின்றபோதுதான் ஜெபசிங் தன் ரிப்பேர் கடை மேஜையில் இருந்த கம்ப்யூட்டருக்குள் குனிந்து பார்த்தான். பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்ற மறந்திருந்தான். இரண்டும் ஒரே அளவு. ஓ.எஸ். ஏற்றும் முன் இரண்டில் எதை அழிக்கச் சொன்னோம்? ரெஜினா டீச்சரின் இறந்துபோன மகள் பாடியதெல்லாம் பழையதில் மட்டும்தான் இருந்தது.

எதிரே ஸ்டூலில் காத்திருந்த டீச்சர், "இப்படி வேர்த்து ஊத்துதே தம்பி, காலையில சாப்பிடலியா?" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் இட்லியை நீட்டினார்.

உண்மையைச் சொல்லாமல் அதை வாங்க அவனுக்கு மனம் வரவில்லை.

"டீச்சர், பாப்பாவோட பாட்டை அழிச்சிட்டேனோன்னு பயமா இருக்கு."

டீச்சர் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் இட்லியை நீட்டிய கையை மடக்கவில்லை.

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் ரெண்டு பேருமா பாப்போம்."