முன் சீட்டு

பழைய வேனின் கூரையில் சோலார் பேனல் பொருத்திக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனுக்கு, கீழே நின்ற தம்பதியைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. தலை நரைத்த பிறகு ஃபேன், ஃப்ரிட்ஜ், கட்டில் என்று வேனையே வீடாக்கி ஊர் சுற்றக் கிளம்புகிறார்களாமே!

"வண்டி இப்பதான் வாங்கினதா சார்?"

"போன மாசம் ஏலத்துல எடுத்தேன். ஆனா இருபத்திரண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் இதுலதான் அலைஞ்சோம். நான் ஓட்டுவேன், இவ பின்னாடி இருப்பா."

"பக்கத்துல உட்கார மாட்டீங்களாம்மா? அவ்வளவு சண்டையா?"

"சண்டை போட ஏதுப்பா நேரம்?" என்று சிரித்தார் அந்த அம்மா.

"அப்போ மலை, ஏரி எல்லாம் உங்களுக்கு அத்துப்படின்னு சொல்லுங்க."

"ரோடுதான் அத்துப்படி. ஏரியைப் பார்த்ததே இல்ல. வழியில ஒரு டீக்குக்கூட வண்டியை நிறுத்தினதில்ல."

சரியான கஞ்சக் குடும்பம் என்று நினைத்தபடியே வயரை இறக்க இடம் தேடினான். கூரையின் முன்பக்கத்தில், ரப்பர் வைத்து அடைத்த ஓட்டை ஒன்று இருந்தது.

"இங்க என்ன சார் இருந்துச்சு?"

"சைரன் விளக்கு" என்றார் அவர். "நான் ஆம்புலன்ஸ் டிரைவர். இவ நர்ஸ்."

அவன் அந்த ஓட்டை வழியாகவே வயரை இறக்கி வேலையை முடித்தான்.

புறப்படும்போது அந்த அம்மா பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்து ஏறப்போனார்.

"பின்னாடி யாரும் படுத்திருக்கல" என்றபடி கணவர் முன்கதவைத் திறந்துவிட்டார். "இங்க வந்து உட்காரு. மெதுவாப் போகலாம்."