இரண்டு ஸ்லாட்டும் காலி

என் மனைவி திருமண ஆல்பம் வடிவமைப்பவள். அவளுடைய முதல் பெரிய ஆர்டரை மறுநாள் கொடுத்தாக வேண்டும். லேப்டாப்போ ஒரு படத்தைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. மெமரியைக் கூட்டலாம் என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனோம்.

கடைக்காரர் அடிமூடியைத் திறந்தார். "ஒரு ஸ்லாட்ல எட்டு ஜிபி இருக்கு, இன்னொண்ணு காலி. அதுலயும் எட்டு போட்டா பறக்கும்ணே."

நான் வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். ஒரு பொருள் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று பார்க்காமல் வாங்க மாட்டேன். "இருக்கறதையும் கழட்டிட்டு ஒருதடவை ஓட்டிக் காட்டுங்க."

"மெமரி இல்லாம ஸ்கிரீனே வராதுண்ணே. பீப் பீப்னு கத்திட்டு நின்னுடும்." சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

ஓடியது. ஆல்பம் நொடியில் விரிந்தது. மெமரி பதினாறு என்று காட்டியது. கடைக்காரர் காலி ஸ்லாட்டைத் தொட்டுவிட்டுச் சட்டென்று விரலை எடுத்தார்.

"சுடுதுண்ணே."

"என்னங்க, மூடித் தரச் சொல்லுங்க. எனக்கு வேலை முடியணும்," என்றாள் மனைவி.

கழற்றிய மெமரியை அவரிடமே பேரம் பேசித் தள்ளிவிட்டேன். வாங்கப் போய் விற்றுவிட்டு வந்தவன் எங்கள் பரம்பரையில் நான் ஒருவன்தான்.

ஆல்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆர்டரும் வந்தாயிற்று. சும்மா கிடந்தே வளர்வது வட்டி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இன்று காலை மெமரி முப்பத்திரண்டு காட்டியது. தினமும் இரவு வேலை முடிந்து மனைவி லேப்டாப்பை அணைத்து மூடியதும், எங்கள் பூனை அதன்மேல் ஏறிப் படுத்து விடியும்வரை சுகமாகக் குளிர்காய்கிறது.