நாலு விரல் உயரம்

முட்டி வலி தாங்காமல் அமுதினி தன் சைக்கிளில் 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டினாள். சீட்டு க்ரீச்சென்று அலறியது. "இன்னொரு பஞ்சு உறை போட்டா சரியாகிடும்!"

"ஆமாண்ணே, ஆமாண்ணே," என்று ஏற்கெனவே மேலே இருந்த மூன்று உறைகளும் பொசுபொசுத்தன.

அடியிலிருந்த போல்ட்டு இருமியது. "கோவிக்காதீங்கண்ணே. நீங்க ரொம்பத் தாழ இருக்கீங்க. மிதிக்கிறப்ப அவங்க கால் நீளவே இல்ல, அதான் முட்டி வலிக்குது. நாலு விரல் உயரணும்."

"அவ்வளவு உயரமா? தலை சுத்துமேடா!"

"அப்போ காயலான் கடைதான்."

சீட்டு கண்ணை மூடிக்கொண்டது. போல்ட்டு தானாகவே தளர்ந்தது; சீட்டு ஆடியது.

"சீட்டு ஆடுற சைக்கிளை யார் வாங்குவா?" என்று ஸ்பேனரோடு வந்த அமுதினி, அதை நாலு விரல் மேலே இழுத்து முடுக்கினாள். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவள், திரும்பி வந்து அட்டையைக் கழற்றினாள்.

"பார்த்தீங்களா, எங்களாலதான்!" என்று துள்ளின உறைகள்.

"விட்டுடாதடா," என்று முனகியது சீட்டு. போல்ட்டு பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது.