நினைவுப் பரிசு

2019 ஜூலை 11 அன்று கூழாம்பாறை ஆரம்ப சுகாதார நிலையத்தில், கால் மணி நேரத்தில் மலேரியாவைக் கண்டுசொல்லும் மலிவுவிலைச் சோதனை அட்டை அறிமுகமானது. காய்ச்சலில் துவண்ட மகளோடு மேடையேறினாள் சடைச்சி. பிள்ளையின் விரலில் குத்தி அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டார்கள். முடிவைச் சிறப்பு விருந்தினர் அறிவிப்பதாக ஏற்பாடு. அவர் அட்டையின் வேகத்தைப் புகழ்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்.

“சார், கோடு விழுந்துச்சான்னு பாருங்க. புள்ள கொதிக்குது.”

“ஐயா பேசறப்ப குறுக்க பேசாதம்மா,” என்றார் பக்கத்தில் நின்ற அதிகாரி.

கைதட்டல் ஓய்ந்ததும் நர்ஸ் அட்டையைப் பார்த்தாள். நேரம் கடந்த கோட்டை நம்பக்கூடாது, வேறு அட்டை வேண்டும் என்றாள். மற்றவை கண்ணாடிச் சட்டத்துக்குள் நினைவுப் பரிசுகளாக விருந்தினர்களின் கார்களுக்குப் போயிருந்தன.

பிள்ளையிடம் மறுபடி எடுத்த ரத்தம் பஸ்ஸில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனது. முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.