தனியாக நின்ற முள்மரம்

"அதைத் தொடாதே ஃபின்டன். தொட்டவன் வீடு விளங்காது."

ஒரு பாதிரியார் வாயிலிருந்து இப்படி வரும் என்று ஃபின்டன் நினைக்கவே இல்லை. ஜெபம் சொல்லி, பயத்தைத் தெளிய வைத்து அனுப்புவார் என்றுதான் ஃபாதர் லாங்கனிடம் வந்திருந்தான்.

வெளியே வந்தான்.

பொக்லைன் ஓட்ட அவனைக் கூலிக்கு அமர்த்திய ஓர்லா வீடு கட்டவிருக்கும் வயலின் நடுவில் நின்றது அந்த ஹாதார்ன் முள்மரம். ஆள் உயரம்தான். சிவப்புப் பழங்கள் அப்பிக் கிடந்தன. வயலில் தானாக முளைத்துத் தனியாக நிற்கும் முள்மரம் 'அவங்க'ளுக்கு, மண்ணுக்கடியில் வாழும் மாயச் சனங்களுக்குச் சொந்தம். கிளேர் மாவட்டத்தில் அவர்களின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை.

ஓர்லாவுக்கு அதெல்லாம் சிரிப்பு. "இம்மாம் பெரிய பொக்லைன்ல உக்காந்துக்கிட்டு ஒரு செடியப் பார்த்து நடுங்குறியே" என்றாள். அவன் மரத்தைப் பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டான். வேறு டிரைவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் ஒருவனும் வரவில்லை. கடைசியில் மரத்தைச் சுற்றி வண்டிப்பாதையை வளைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தாள்.

ஃபின்டனுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. ஃபாதரிடம் போகும் முன்பே பொக்லைன் வாளி பட்டு ஒரு கிளை முறிந்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி ஏமர் நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை.

மறுநாள் வயலில் மண்டியிட்டு, முறிந்த கிளையை ஏமருடைய கழுத்துத் துணியால் இழுத்துக் கட்டினான்.

"தெரியாம பட்டுடுச்சு. என்னை என்ன வேணா செய்யுங்க. அவ வயித்துல இருக்கிறத விட்டுடுங்க."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஃபாதர் லாங்கன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏமர் மாசமா இருக்கிறது எனக்குத் தெரியாதுப்பா. எந்திரி. ஒண்ணும் ஆகாது."

"நீங்கதானே ஃபாதர் சொன்னீங்க?"

"பொய். இது யாரோடதும் இல்ல. வயல் வேலி முள்செடியெல்லாம் பிடுங்கி எறிஞ்ச வருஷம் நானே நட்டது. பனிக்கு வடக்கேருந்து ஓடிவர்ற பறவைங்களுக்கு இந்தப் பழத்த விட்டா இங்க வேற தீனி இல்ல. நல்லதனமா சொன்னா எவன் கேக்குறான்?"

ஃபின்டன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, தூரத்தில் ஓர்லாவின் கார் வருவதைப் பார்த்ததும் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஃபாதர்."