எடை குறைந்த சைக்கிள்

"ஏழு கிலோவுக்கு மேல இருந்திச்சின்னா வாங்க மாட்டேன், ஆமா!" என்றார் கணக்கப்பிள்ளை செல்லமுத்து.

சீனாவிலிருந்து நேரடியாக வரவழைத்த கார்பன் பிரேமில் பாகம் பாகமாகப் பொருத்தி, அவர் மகனுக்கென்றே அந்த சைக்கிளைச் செய்து, தோட்டத்துத் தேயிலையை நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கொண்டுவந்திருந்தான் தயாபரன்.

"சீனாக்காரன் ஒன்னைய நல்லா ஏமாத்தியிருப்பான்டா!"

கொழுந்து நிறுக்கும் வரிசையில் தயாபரனின் மனைவி விஜயலெட்சுமியும் நின்றாள். எடை குறைவு என்று நேற்றும் அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் போட்டிருந்தார் கணக்கப்பிள்ளை.

"சந்தேகம்னா நம்ம கொழுந்துத் தராசுலயே மாட்டிப் பாருங்கய்யா. அது பொய்யே சொல்லாதுன்னு நீங்கதானே தெனமும் சொல்றீங்க?" என்றாள் அவள்.

"பின்ன? சத்தியம் பண்ணின தராசு புள்ள இது!"

அவரே சைக்கிளைத் தூக்கி மாட்டினார். முள் ஆடி ஆடி ஆறு கிலோவில் நின்றது. கணக்கப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல்.

"அடேய், ஆறு கிலோ! கெட்டிக்காரன்டா நீ!"

தயாபரன் தலையைச் சொறிந்தான். "ஐயா... நேத்து பசறையில நிஸாம் நானா கடையில நிறுத்தப்ப எட்டு கிலோ இருந்திச்சிங்க."

"அதுக்கென்ன?" என்றாள் விஜயலெட்சுமி. "இந்த மடுவத்துக்குள்ள வந்தா எங்க கொழுந்தே எளைச்சுப் போகுது. பாவம், சைக்கிள் எளைக்காதா? இப்ப சொல்லுங்கய்யா, எனக்கு நேத்து அரைப்பேரா, முழுப்பேரா?"

வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கொழுந்துப் பையை நிறுக்கக் கொடுக்காமல் கீழே இறக்கி வைத்தார்கள்.